நன்றித் திருநாளின் வரலாறு



தை முதல் நாட் காலையில் ஹேவாஹெட்ட மலைச்சாரலிற் கதிரவன் சற்றுத் தாமதித்தே முகங் காட்டுவான். கீழ்த்திசை மலைத்தொடருக்கு மேல் அவன் எழுமுன்னரே தோட்டத்து லயன் வாசல்கள் சாணமிட்டு மெழுகப்பெற்றுக் கோலம் பூண்டிருக்கும். மூன்று கல் கூட்டிய அடுப்பிற் புதுப்பானை ஏறியிருக்கும். மூடுபனி விலகி முதற்கதிர் பானையின் கழுத்திற் கட்டிய மஞ்சட் கொத்தின்மீது படும் வேளையிற் பால் பொங்கும். "பொங்கலோ பொங்கல்" என்னும் குரல் ஒரு லயத்தினின்றும் மறு லயத்துக்குப் பரவும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், எட்டாம் வகுப்பில் வரலாற்றுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து நின்றாள். அவள் தாய் தோட்டத்திற் கொழுந்து பறிப்பவர். "சேர், பொங்கல் உழவர் திருநாள் என்று புத்தகத்தில் இருக்கிறது. எங்களுக்கு வயலே இல்லையே. நாங்கள் எதற்காக, யாருக்கு நன்றி சொல்லுகிறோம்?" என்று கேட்டாள். சூரியன் எல்லார்க்கும் பொது என்று அன்று நான் விடை கூறினேன். மாணவி அமர்ந்துவிட்டாள். ஆயினும் அவள் முகத்தில் நிறைவு இல்லை. என் உள்ளத்திலும் இல்லை. அவ்வினாவுக்குரிய விடையைத் தேடிச் சென்றதன் பயனே இன்றைய பேச்சு.

முதற்கண், நன்றி என்னும் சொல்லின் பொருளை நோக்குவோம். திருவள்ளுவர் தம் நூலின் பதினோராம் அதிகாரத்துக்குச் 'செய்ந்நன்றியறிதல்' எனப் பெயரிட்டார். இக்காலத்தில் நன்றி என்பது வாயாற் சொல்லும் ஓர் உபசாரமாகிவிட்டது. பழந்தமிழில் நன்றி என்றால் நன்மை. செய்ந்நன்றி என்பது பிறர் நமக்குச் செய்த நன்மை. அதனை அறிதலே நம் கடன் என்பது அத்தலைப்பின் பொருள். யார் செய்தார், என்ன செய்தார் என்பதை அறியாமற் கைகூப்புகிறவன் வணங்கியவன் ஆவானேயன்றி நன்றியறிந்தவன் ஆகான். ஆகவே, நன்றி நாளொன்றின் வரலாற்றை ஆராய்வதும் நன்றியறிதலின் ஒரு பகுதியே ஆகும்.

பொங்கலின் சமய வேர் மிக ஆழமானது. தை மாதத்தில் மகளிர் நீராடி நோன்பு நோற்ற வழக்கத்தைப் பரிபாடல் முதலிய சங்க நூல்கள் காட்டுகின்றன. சிலப்பதிகாரத்தின் தொடக்கத்தில் இளங்கோவடிகள் திங்களையும் ஞாயிற்றையும் மழையையும் போற்றுகிறார். உழவனுக்கு இம்மூன்றும் கண்கண்ட தெய்வங்கள் அல்லவா? ஞாயிறு மகர இராசியிற் புகும் நாளை வடதிசைப் பயணத்தின் தொடக்கமாகக் கொண்டு, பாரத நாடெங்கணும் மகர சங்கிராந்தியாகக் கொண்டாடினர். உண்மையில், ஞாயிறு வடக்கு நோக்கித் திரும்புவது மார்கழி மாதத்தில், டிசம்பர் 21 அல்லது 22ஆம் நாளில் நிகழ்கின்றது. ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன்னர் அத்திருப்பமும் மகரப் பிரவேசமும் ஒரே நாளில் அமைந்திருந்தன. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதனால், 72 ஆண்டுகளுக்கு ஏறத்தாழ ஒரு நாள் என்ற கணக்கில் இரண்டும் விலகிப் போயின. வானம் நகர்ந்தபோதும் மக்கள் தம் நாளைக் கைவிட்டிலர். அந்நாளில் வயலிலே நெல் முற்றியிருந்தமையே அதற்குக் காரணம் எனக் கருதலாம்.

புதுநெல்லை முதலில் இறைவனுக்குப் படைத்துப் பின்னரே தாம் உண்பது நம் முன்னோர் வழக்கம். வட இலங்கையிலும் கிழக்கிலங்கையிலும் இதனைப் புதிர் எடுத்தல் என்பர். தைப்பூசத்தையொட்டி நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் நெற்புதிர் விழா நடைபெறும். மறவன்புலவிலுள்ள கோயில் வயலிற் கொய்த கதிர்கள் மங்கல வாத்தியத்துடன் கோயிலுக்கு எடுத்துவரப்படும். பொங்கலுக்கு மறுநாள் மாட்டுக்குப் பொங்கல். உழுத எருதையும் பால் தந்த பசுவையும் குளிப்பாட்டி, மாலை சூட்டி, அவற்றுக்கும் ஊட்டுவர். நன்றி விண்ணோடு நின்றுவிடாமல் தொழுவத்துக்கும் இறங்கி வருகின்றது என்பதை நேயர்கள் மனங்கொள்ளல் வேண்டும். பின்னால் நாம் காணப்போகும் வினாவுக்கு அது பயன்படும்.

இனி, இவ்விழாவின் அரசியல் வேர். இதனைக் காண நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கண்டி மாநகரமே சான்று பகரும். கண்டி அரசில் ஆண்டுதோறும் நடைபெற்ற பெருவிழாக்களுள் ஒன்று 'அலுத் சஹல் மங்கல்ய' என்பது. புத்தரிசி விழா என்று அதனைத் தமிழிற் கூறலாம். சிங்கள துருத்து மாதமாகிய ஜனவரியிலே, பொங்கலை அடுத்தோ முன்போ வரும் பூரணையோடு இணைந்து அது நிகழ்கின்றது. மாளிகைக்குரிய வயல்களில் விளைந்த புதுநெல்லும் அரிசியும் தலதா மாளிகைக்கும் தேவாலயங்களுக்கும் நல்ல வேளை பார்த்து ஊர்வலமாகக் கொண்டுசெல்லப்படும். மன்னர் காலத்தில் அரச வயல்களின் முதற்பயனும் இவ்விழாவிற் பகுக்கப்பட்டது. குடிகள் தம் நிலத்துக்கு ஈடாக இராசகாரியம் என்னும் ஊழியம் செய்யக் கடமைப்பட்டிருந்த காலம் அது. ஆதலின், புத்தரிசியைச் சுமந்து சென்றவன் புத்தபெருமானுக்கு நன்றி செலுத்தினான். அதே அடியெடுப்பில் மன்னனுக்குரிய கடமையையும் செலுத்தினான். சமயமும் அரசும் ஒரே கூடையிலிருந்தன.

அக்காலத்தில் ஹேவாஹெட்ட, கண்டி அரசின் பிரிவுகளுள் ஒன்றாக விளங்கிற்று. எங்கள் அயலிலுள்ள ஹங்குராங்கெத்தவில் இரண்டாம் இராஜசிங்க மன்னனின் அரண்மனை இருந்தது. 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்டவர்கள் மதுரைத் தொடர்புடைய நாயக்க மரபினர். தென்னாட்டிலிருந்து வந்த அம்மரபினரும் மாளிகை விழாக்களைப் பேணி வளர்த்தனர். அரியணையை ஆள்பவன் அந்நாட்டு மண்ணுக்கு நன்றி செலுத்தும் விழாவையும் தலைமை தாங்கி நடத்தல் வேண்டும் என்பதை அவர்கள் நன்குணர்ந்திருந்தனர். 1815 மார்ச் 2ஆம் நாள் உடன்படிக்கையால் மன்னராட்சி முடிவுற்றது. புத்தரிசி விழா இன்றும் நடைபெறுகின்றது.

மன்னர்கள் செய்ததையே பிற்காலத்திற் குடியரசுகள் சட்டத்தினாற் செய்தன. ஐக்கிய அமெரிக்காவின் நன்றி நாள் இதற்குப் பெயர்பெற்ற உதாரணம். 1621ஆம் ஆண்டிலே பிளிமத் என்னுமிடத்திற் குடியேறிய ஆங்கிலேயர் தம் முதல் அறுவடையை அம்மண்ணின் மக்களாகிய வாம்பனோக் இனத்தாருடன் விருந்துண்டு கொண்டாடினர். சோளம் பயிரிடும் முறையைக் குடியேறியோர்க்குக் கற்பித்தவர்கள் அம்மண்ணின் மக்களே. 1789இல் ஜோர்ஜ் வாஷிங்டன் நன்றி நாளொன்றைப் பிரகடனஞ் செய்தார். எனினும் ஆண்டுதோறும் நாடு முழுவதும் ஒரே நாளிற் கொண்டாடும் வழக்கம் வேரூன்றியது 1863இல், ஆபிரகாம் லிங்கனின் பிரகடனத்துக்குப் பின்னரே. உள்நாட்டுப் போரினால் நாடு இரு கூறாகி நின்ற காலம் அது. பிரிந்தவர்களை ஒரு பந்தியில் அமர்த்த அவருக்கு ஒரு பொது நாள் தேவைப்பட்டது. 1941இல் நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமை எனச் சட்டம் அதனை நிலைநிறுத்திற்று. ஆனால் 1970ஆம் ஆண்டிலே அந்நாட்டின் தொல்குடி மக்கள் பிளிமத் நகரில் ஒன்றுகூடி, அதே நாளைத் துக்க நாளாக அனுட்டித்தனர். உணவு தந்தவர்கள் நிலமிழந்தார்கள், உண்டவர்கள் வானத்துக்கு மாத்திரம் நன்றி சொல்கிறார்கள் என்பதே அவர்தம் முறையீட்டின் சாரம்.

தமிழ்நாட்டிலே பொங்கல் பெற்ற அரசியல் உரு வேறொன்று. தனித்தமிழ் இயக்கத்தின் தலைவராகிய மறைமலையடிகள் சைவத்தில் ஊறியவர். சுயமரியாதை இயக்கத்தின் தலைவராகிய பெரியார் ஈ. வெ. இராமசாமி இறைமறுப்பாளர். பல பொருள்களில் மாறுபட்ட இவ்விருவரும் பொங்கல் தமிழர் திருநாள் என்பதில் உடன்பட்டனர். புராணக் கதையொன்றைச் சார்ந்து நில்லாமல் உழைப்பையும் விளைவையும் சார்ந்து நின்ற விழாவாதலின், கடவுளை நம்பியவனும் நம்பாதவனும் அதனைக் கொண்டாட இயன்றது. சென்னை மாநிலம் என்றிருந்த பெயர் தமிழ்நாடு என மாறி நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14ஆம் நாள். அது பொங்கல் நாள். அப்போது முதலமைச்சராக இருந்தவர் அறிஞர் அண்ணா. 2008இல் தை முதல் நாளையே தமிழ்ப் புத்தாண்டாக ஆக்கிய சட்டமும், 2011இல் அதனை நீக்கிய சட்டமும், இந்நாள் யாருக்கு உரியது என்னும் போட்டி ஓயவில்லை என்பதைப் புலப்படுத்தின.

நம் நாட்டிலோ விடுமுறைகளின் வரலாறே சுவையானது. 1966ஆம் ஆண்டு முதல் ஞாயிறு விடுமுறை நீங்கிப் போயா நாட்கள் வார விடுமுறைகளாயின. 1971ஆம் ஆண்டின் விடுமுறைச் சட்டம் ஞாயிறை மீளக் கொணர்ந்து, பூரணைப் போயாவையும் விடுமுறையாக நிறுவிற்று. அச்சட்டத்தின் அட்டவணையிலே தைப்பொங்கல் நாளும் பொது விடுமுறையாக இடம்பெற்றிருக்கின்றது. ஒரு மக்களின் நன்றி நாளை நாடு முழுவதற்கும் ஓய்வு நாளாக்குவது பெருமைக்குரிய செயல். அதில் ஐயமில்லை. ஆயினும், அதே 1971இல் எங்கள் மலைநாட்டிலே பொங்கல் பொங்கிய இலட்சக்கணக்கானோர் எந்நாட்டுக் குடிமக்களும் அல்லராய் இருந்தனர். பொங்கலுக்கு விடுமுறை உண்டு. பொங்கியவர்க்குப் பிரசாவுரிமை இல்லை. இந்நிலை எவ்வாறு வந்தது?

கோப்பித் தோட்டங்கள் இம்மலைகளிற் பரவிய காலத்திலே திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர், புதுக்கோட்டை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து தொழிலாளர் வந்தனர். படகிலே மன்னார்க் கரை சேர்ந்து, காட்டுவழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் கால்நடையாக நடந்தனர். வழியிலே நோயாலும் பசியாலும் மடிந்தோர் பலர். கோப்பிப் பழம் பறிக்கும் பருவம் பெரும்பாலும் ஆவணிக்கும் மார்கழிக்கும் இடைப்பட்டது. அது முடிந்ததும் பலர் சேர்த்த காசை முடிந்துகொண்டு தம் ஊருக்குத் திரும்பினர். அங்கே தை அறுவடை காத்திருக்கும். எனவே, கோப்பிக் காலத்துத் தொழிலாளரிற் பலருக்கு மலையிலே வேலை, ஊரிலே பொங்கல் என்னும் முறை இயன்றது.

இம்முறையை மாற்றியது எங்கள் அயலிலேயே நிகழ்ந்த ஒரு செயல். 1867ஆம் ஆண்டு ஹேவாஹெட்ட மலைகளை ஒட்டிய லூல்கந்துரைத் தோட்டத்திலே ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்தர் 19 ஏக்கர் நிலத்திற் தேயிலை நட்டார். ஈராண்டுகளில் கோப்பியை இலைநோய் பற்றியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் மலைகளெல்லாம் தேயிலையாயின. கோப்பிக்குப் பருவம் உண்டு; தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து உண்டு. வாரந் தவறாது பறித்தல் வேண்டும். தை வந்தால் ஊருக்குத் திரும்புவதென்பது பெரும்பாலோர்க்கு இயலாததாயிற்று. குடும்பத்தோடு லயன் அறைகளில் தங்கினர். மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பினர். அங்கேயே பிறந்தனர், அங்கேயே மண்ணுக்குள் அடங்கினர். பொங்கற் பானையும் மலையேறி வந்தது. வயல் மட்டும் ஊரிலே நின்றுவிட்டது. பானையில் இட்ட அரிசி பெரும்பாலும் இந்தியாவிலும் பர்மாவிலும் விளைந்து கப்பலேறி வந்தது. தோட்டத்திலே அளந்து கொடுத்து, சம்பளத்திற் கழித்துக்கொள்ளப்பட்டது. மாணவியின் வினா இவ்விடத்திலேதான் பிறந்தது.

சுதந்திரம் வந்த 1948ஆம் ஆண்டிலே பாராளுமன்றம் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றிற்று. அது நவம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. தந்தையோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று காட்ட வேண்டும் என்ற நிபந்தனையால், ஏழு இலட்சம் அளவினரான தோட்ட மக்கள் நாடற்றோராயினர். லயன் அறையிலே பிறந்தவனுக்குச் சான்றிதழ் ஏது? 1964இல் ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என வகுத்து, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்வோம் என்று விட்டது. அந்த எஞ்சியோரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்தன. அறுவடை செய்த நெல்லைப் பங்கு பிரிப்பதுபோல் மனிதரைப் பங்கு பிரித்த காலம் அது. 2003ஆம் ஆண்டின் சட்டமே எஞ்சிய நாடற்றோர்க்கு வழி திறந்தது.

இவ்விடத்திலே யப்பான் நாட்டை நினைவுகூர்தல் பொருத்தமாகும். அங்கும் புத்தரிசி விழா உண்டு. பேரரசர் புதுநெல்லைத் தெய்வங்களுக்குப் படைக்கும் அப்பழைய விழா 1873 முதல் நவம்பர் 23ஆம் நாளுக்கு உரியதாக நிலைபெற்றது. போரிலே தோற்ற பின்னர், 1948இல், யப்பானியர் தம் விடுமுறைச் சட்டத்தைப் புதிதாக்கியபோது அந்நாளை நீக்கவில்லை, பெயரை மாற்றினர். உழைப்புக்கு நன்றி கூறும் நாள் என்பது புதுப்பெயர். உழைப்பை மதித்து, விளைவைக் கொண்டாடி, மக்கள் ஒருவர்க்கொருவர் நன்றி கூறுதல் அதன் நோக்கம் எனச் சட்டம் வகுத்தது. நன்றி பேரரசரின் கையினின்றும் குடிமக்கள் கைக்கு வந்தது. அப்புதிய நாளை அவர்கள் முதன்முறை கொண்டாடியது, இங்கே உழைத்த மக்களின் பிரசாவுரிமையைப் பறித்த சட்டம் நடைமுறைக்கு வந்து எட்டு நாட்களின் பின்னர். இரு நாடுகளின் போக்கை ஒப்புநோக்கி அறியட்டும் என்றே இதனைக் கூறுகிறேன். எவரையும் தூற்றுவது என் நோக்கமன்று.

இப்போது அம்மாணவியின் வினாவுக்கு வருவோம். வயலில்லாதவர் எதற்காக நன்றி சொல்ல வேண்டும்? 1950களிலும் 1960களிலும் இந்நாட்டின் ஏற்றுமதி வருமானத்திற் பாதிக்கு மேல் தேயிலையினாலே வந்தது. அக்காலத்தில் நாட்டுக்கு வேண்டிய அரிசியில் ஒரு பெரும் பகுதி பிற நாடுகளிலிருந்து வாங்கப்பட்டு, பங்கீட்டுப் புத்தகத்திற்கு மலிவு விலையில் வழங்கப்பட்டது. அவ்வரிசியை வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது? பனியிலே கூடை சுமந்து நின்ற பெண்களின் விரல்களிலிருந்து வந்தது. கொழும்பிலும் காலியிலும் யாழ்ப்பாணத்திலும் உலையிலே கொதித்த அரிசியின் ஒரு பங்கு, எங்கள் மலைகளிற் கொழுந்தாக விளைந்ததேயாகும். ஒரு சாண் வயலும் இல்லாதவர்கள் நாட்டின் பானையில் அரிசி இட்டார்கள்.

ஆதலால் அம்மாணவிக்கு நான் இன்று கூறக்கூடிய விடை இது: மகளே, கதிரவனுக்கு நீ நன்றி கூறு, கொழுந்தும் அவன் ஒளியிலேதான் தளிர்க்கின்றது. உன் பாட்டன்மார் ஊரிலே விட்டுவந்த வயலை மறவாமற் பானை வைத்தார்களே, அவர்களுக்கும் நன்றி கூறு. ஆனால் உன் தாயைப் பொறுத்தவரை, அவர் நன்றி கூற வேண்டியவர் மட்டும் அல்லர். நன்றி பெற வேண்டியவரும் ஆவார். எருதுக்கும் பசுவுக்கும் தனியாக ஒரு நாள் வைத்த மரபு நம்முடையது. ஒரு நாட்டுக்கே உணவு தேடித்தந்த கைகளை அம்மரபு மறக்கக் கூடாது.

நேயர்களே, விடுமுறையைச் சட்டத்தினாற் கொடுக்கலாம். நன்றியைச் சட்டத்தினாற் கொடுக்க இயலாது. அது அறிவினால் வருவது. தேயிலை மலைகளிலே இன்றும் லயன் அறைகளில் வாழ்வோர் உளர். சொந்தக் காணியும் வீடும் வேண்டிக் காத்திருப்போர் உளர். அடுத்த தைத் திருநாளிலே உங்கள் இல்லத்துப் பானை பொங்கும்போது, வழக்கம்போலக் கிழக்கு நோக்கிக் கைகூப்புங்கள். பொங்கல் உண்டபின் ஒரு கோப்பைத் தேநீர் அருந்துவீர்கள் அல்லவா? அத்தேயிலை எம்மலையிலே விளைந்தது, யார் பறித்தது என்பதையும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.